தொட்டி இலக்கம் மூன்று

இரவு பத்தரைக்கு நிஹ்மத்தின் லொறி பின்வாங்கி வரும்.
முதலில் மணம், பிறகுதான் ஹோர்ன்.
அன்னாசித் தோல் பதினேழு பீப்பாய்,
தேங்காய்ப்பால் ஆலை கானுக்குள் ஊற்றவிருந்த தண்ணி,
விமானத்துச் சாண்ட்விச்சுக்காக வெட்டி வீசிய
பாண் ஓரங்கள்,
யார் பல்லும் படாத பழுப்பு நீளங்கள்.

"உன்ர பிள்ளையளுக்கு இண்டைக்கு விருந்து" என்பான்.
கையெழுத்து வைத்து வாங்குவேன்.

பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தது.
அரும்புதல், வரிப்படம், ஐந்து புள்ளி.
மட்டக்குளியில் அது ஈஸ்ட்.
சந்திமா மட்டும் 'மெயாலா' என்பாள்,
பக்கத்து வீட்டு ஆட்களைச் சொல்வதுபோல.

சீனியை அள்ளிக் கொட்டக்கூடாது.
சொட்டுச் சொட்டாக, அரைப் பசியில் வளர்க்கவேணும்.
வயிறு முட்டினாலும் மூச்சு முட்டினாலும்
வளர்வதை விட்டுவிட்டுச் சாராயம் காய்ச்சத் தொடங்கும்.
எங்கள் ஒழுங்கையில் இரண்டுக்கும் ஆள் இருக்கு.

கரண்ட் போன அந்த வெள்ளிக்கிழமை
ஜெனரேட்டர் இருமி இருமி எழும்ப எடுத்த நாலு நிமிடமும்
மூன்றாம் தொட்டியின் விலாவில் உள்ளங்கை வைத்து நின்றேன்.
சூடு.
காய்ச்சல் சூடல்ல, வேலையில் இருப்பவரின் சூடு.

விடியப்புறம்
வடித்த கூழைத் தட்டில் மெல்லிசாய்ப் பரப்பி
கழியூதா விளக்குக்குக் கீழே தள்ளுவேன்.
கறுப்புக் கண்ணாடி போட்டு, கதவைச் சாத்தி, எண்ணுவேன்.
ஜன்னலில்லாத அறைக்கு அதுதான் வெயில்.
உள்ளே, கண்ணுக்கெட்டாத ஒரு வளையம் தெறித்துத் திறந்து
விற்றமின் டி ஆகிவிடும்.
இன்னும் ஒரே ஒரு கையெழுத்து வந்தால்
பள்ளிக்கூடப் பிஸ்கட்டில் கலப்பார்களாம்.
ஒன்றரை வருசமாக அந்த ஒரு கையெழுத்து.

போன மாதம் என் இரத்தத்தைப் பார்த்த டொக்டர்
"டி மிச்சம் குறைவு" என்றார்.
"வெயிலில் நில்லுங்கோ."
கொழும்பில்!
மதிலின் பெயின்ட் செதில் செதிலாய் உரிகிற ஊரில்.
பகலில் தூங்குகிறவள் நான் என்றேன்.
குளிசை எழுதித் தந்தார், பெரிய விலை.

சந்திமா கேட்டுச் சிரிக்கவில்லை.
காய்ந்த தூளில் ஒரு கரண்டி கிள்ளி
தேநீர்க் கோப்பையின் மூடியில் வைத்து நீட்டினாள்.
கருகின பாணின் கசப்பு.
வெகு தூரத்தில், அன்னாசி.

ஆறு மணிக்கு பஸ் தரிப்பில்
கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு,
தட்டுக்கு எண்ணுவதுபோலவே எண்ணத் தொடங்கினேன்.
கொள்கலன் அடுக்குகளுக்குப் பின்னால்
வானம் கொஞ்சம் பாண் நிறம்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

வெயிலுக்கு முன்னம் பஸ் வந்துவிட்டது.