விடுப்பு

கிரிம்ஸ்பி மீன் ஆலை, மூன்றாம் வரிசை.
கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்
கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும்.
கேன் ஐ கோ, என்பான் ரிமாந்தஸ்.
உன்னால் முடியுமென்று எனக்கும் தெரியும்,
மே ஐ என்று கேள்,
என்பாள் ட்ரூடி ஃபென்விக்.
எட்டு வயதில் யாரோ அவளை
இதே கேள்வியில் நிற்கவைத்திருக்க வேண்டும்.
விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள்.
சிறுநீர்ப்பைக்கு விளையாட்டுத் தெரியாது.

புதன் இரவு, மெதடிஸ்ட் கூடத்தின் பின்னறையில் இலவச வகுப்பு.
ஹீட்டரின் இரண்டு கம்பியில் ஒன்றுதான் சிவக்கும்.
அதன் பக்கத்து நாற்காலிக்காக
அரைமணி முன்னாலேயே வந்துவிடுவோம்,
கழுவியும் போகாத காட் மீன் வாசத்தோடு.
பெதனிக்கு இருபத்து மூன்று வயது.
எங்களில் பாதிப் பேருக்கு
அவளைவிட மூத்த கடன்கள் இருந்தன.

குட் ஐ என்பது, என்றாள்,
பார்க்க இறந்தகாலம் மாதிரி இருக்கும்,
ஆனால் இப்போது கேட்பதற்கு அதுதான் பணிவு.
ஏற்கெனவே மறுக்கப்பட்டதுபோல் கேட்டால்
கொடுக்க மனம் வருமாம்.

வீட்டில் யாருக்கு என்ன அனுமதி?
ஒரு வாக்கியம் எழுதுங்கள்.
ஸ்லாத்கா எழுதினாள்:
பூனை கட்டிலில் ஏறலாம். கணவர் குளித்தால் ஏறலாம்.
சிரித்து முடிக்க நேரமானது.
தெஸ்ஃபாலெம் எழுதினான்:
வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை.
எழுத்துப்பிழை இல்லை. வினை சரி. முற்றுப்புள்ளிகூட இருந்தது.
இரண்டு வருடமாக வரும் ஒவ்வொரு கடிதத்திலும்
அவன் படித்த வாக்கியம்.
பெதனி டிக் போட்டாள்.
போட்ட பிறகு பேனாவை எங்கே வைப்பதென்று
அவளுக்குத் தெரியவில்லை.
தராதவர் யாரென்று சொல்ல
அந்த வாக்கியத்தில் இடமே இல்லை, கவனித்தீர்களா?
ஒளிந்துகொள்ள எல்லா மொழியிலும்
ஓர் அலமாரி இருக்கிறது.

லெட்டுக்கு வந்தபோது மணி எட்டாகிவிட்டது.
சின்னச் சொல்தான், அடுத்த வாரம், என்றாள்.
அடுத்த வாரம் பனி. கூடம் திறக்கவில்லை.

பனவேஷிஸில் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை.
ரிமாந்தஸ் பத்து நாள் விடுப்புக் கேட்டு எழுதினான்,
குட் ஐ போட்டு, அழகாக.
வெள்ளிக்கிழமை உறை வந்தது.
ஆர்டர் குறைந்தது பற்றி மேலே நீள நீளமாக ஏதோ.
கடைசிக்கு முந்தைய வரி:
வி ஆர் லெட்டிங் யூ கோ.
ஒவ்வொரு சொல்லும் அவனுக்குத் தெரிந்த சொல்.
நாங்கள். உன்னை. போக. விடுகிறோம்.
விடுப்புக் கேட்டவனை
விட்டேவிட்டார்கள்.

கடிதத்தை எல்லோரிடமும் காட்டினான்.
என்னிடமும்.
இரண்டு முறை படித்துவிட்டு
நல்லது என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ட்ரூடிக்கு ஒரு பெட்டி சாக்லெட் வாங்கிவந்தான்.
தள்ளுபடி ஸ்டிக்கரைப் பாதி சுரண்டியிருந்தான்.
அவள் வாங்கிக்கொண்டாள். திறக்கவில்லை.
நான்கு வருடம் அவனுடைய ஒவ்வொரு கேனையும் திருத்தியவள்
வாயைத் திறந்தாள்,
ஒரு மீன் தப்பிப் போகிறது என்று யாரையோ அதட்டினாள்.

இரண்டு மணிக்கு அவன் கையுறையைக் கழற்றிக்
கையைத் தூக்கினான்.
மே ஐ கோ?
யூ கேன், என்றாள் ட்ரூடி, தரையைப் பார்த்து.
அவளைப் போலவே விரலை ஆட்டினான்.
மே, என்றான்.
பிளாஸ்டிக் திரையைத் தோளால் விலக்கிக்கொண்டு
சிரித்தபடி போனான்.

திங்கட்கிழமை பார்த்தோம்.
லாக்கரைப் பூட்டிச்
சாவியை எடுத்துப் போயிருக்கிறான்.