பயந்தாங்கொள்ளி பக்கம்

விஸ் தீவு. படகின் விளிம்பில் டோன்கா
இடக்கையில் பழைய டைவ் கம்ப்யூட்டரைக் கட்டுகிறாள்:
சோப்புக்கட்டி பருமன், கீறிய கண்ணாடி,
ஒரே ஒரு வேலைதான் தெரியும் அதற்கு.
வலக்கையில் யெர்கோ தள்ளிவிடப் பார்க்கும் ஸ்மார்ட்வாட்ச்.
காலையில் அவள் தூக்கத்துக்கு அது
நூற்றுக்கு அறுபத்தொன்று போட்டிருந்தது.

பதினெட்டு மீட்டரில் இரண்டும் ஒரே எண்.
இருபத்தேழில் வாட்ச் அரை மீட்டர் கஞ்சம்.
நனைந்த கையுறை விரலைத்
திரை மதிக்கவே இல்லை;
பக்கத்துத் திருகை இருமுறை அமுக்கினாள்.
எழுத்து மட்டும், சும்மா சொல்லக்கூடாது,
உடைந்த கப்பலின் இருட்டு வயிற்றிலும்
பளிச்சென்று.

ஏறுகையில், ஐந்து மீட்டரில்,
வாட்ச் சொன்னது: போகலாம்.
பழையது சொன்னது: இன்னும் இரண்டு நிமிடம்.

இருவர் முரண்பட்டால்
பயந்தாங்கொள்ளி பக்கம் நிற்பவள் அவள்.
நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
துவைத்துப் போட்ட சட்டைபோல் ஆடினாள்.
மத்தி மீன்கள் மேலும் கீழும் போய்வந்தன
எந்தக் கணக்கும் இல்லாமல்.

"எப்படி?" என்கிறான் யெர்கோ.
வாய் திறப்பதற்குள் மணிக்கட்டு அதிர்கிறது:
வங்கியிலிருந்து, கடன் தவணை.
சார்ஜ் இருபத்திரண்டு.
மதியம் இன்னொரு முழுக்கு பாக்கி.

"கீழே இருந்தவரை வாயை மூடிக்கொண்டிருந்தது,
அது பிடித்தது.
அரை நாள்தான் உயிரோடிருக்கும் போல,
அரை விலை சொல்."