இருபத்தாறு தகடுகள்

அப்பாவின் கார் உங்களைச் சரளைக்கல் பாதையில் இறக்கிவிடும்.
நீங்கள் கையசைத்து முடிக்குமுன்
அது பைன் மரங்களின் வளைவைத் தாண்டியிருக்கும்.
பரவாயில்லை.
என் பெயர் மாரிட். கழுத்தில் ஊதல், மூக்கில் வெள்ளைக் களிம்பு.
தொலைந்தவர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள்.

தண்ணீர் குளிரும்.
இதை யாரும் உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.
ஏப்ரல் கடைசிவரை தான் பனிக்கட்டியாய்க் கிடந்ததை
மினசோட்டாவின் ஏரி ஜூனிலும் மறப்பதில்லை.
கணுக்கால், சரி. முழங்கால், சரி.
தொப்புளைத் தொடும்போது
உங்கள் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும்;
யார் கத்தியது என்று நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள்.

சாண்ட்விச்சில் மணல் இருக்கும்.
போன வருடம் மணலில்லாத சாண்ட்விச் ஆன்செலிடம் மட்டும்தான் இருந்தது,
அதையும் வாத்து தின்றுவிட்டது.

கொசு கடிக்கும். மருந்து பூசினாலும் கடிக்கும்.
மருந்தின் வாசனைக்கே வருகிறதோ என்று
எனக்கு நெடுநாள் சந்தேகம்.

துடுப்புப் படகில் இருவர்.
முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரைக் குறைசொல்வார்.
படகு இருவர் பேச்சையும் கேட்காமல்
நாணலுக்குள் மூக்கை நுழைத்து நின்றுவிடும்.
ஆமை அங்கேதான் இருக்கும்,
ஒழுங்காய்த் துடுப்பு போட்டவர்கள்
ஒருநாளும் பார்க்காத ஆமை.

அட்டையும் உண்டு. அதைப் பற்றி வீட்டுக் கடிதத்தில் எழுதவில்லை.

இனி விளையாட்டில்லாத ஒன்று.
மரத்துறையின் ஓரம் ஒரு பலகை.
இருபத்தாறு ஆணி, இருபத்தாறு தகரத் தகடு,
ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு.
நீரில் இறங்கும்போது சிவப்பு, கரையேறினால் வெள்ளை.
சீட்டாட்டத்தில் ஏமாற்றுங்கள், கண்டுகொள்ள மாட்டேன்.
இதில் கூடாது.

ஏனென்றால் போன வருடம், மூன்றாம் வியாழன்,
எல்லோரும் கரையில். பற்களைக் கடித்துக்கொண்டு, துண்டு போர்த்திக்கொண்டு.
பலகையில் பதினேழு மட்டும் சிவப்பு.
டோவா.

ஊதினேன். மூன்று முறை.
பிறகு நான், ரூபன், சமையலறையிலிருந்து ஏப்ரனோடு ஓடிவந்த ஹால்வர்சன் அம்மா,
மார்பளவு நீரில் கைகோத்து வரிசையாய்
பாதங்களால் அடிமணலைத் தடவித் தடவி நடந்தோம்.
அகப்படாதே, அகப்படாதே என்று
வேண்டிக்கொண்டே தேடுவதை
அன்றுதான் கற்றேன்.
நான்கு நிமிடம் என்றார்கள்.
நான் இன்னும் அதிலிருந்து முழுதாய்க் கரையேறவில்லை.

அவள் படகுக் கொட்டகையில் இருந்தாள்.
ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக் குவியலுக்குள் புதைந்து
உப்பு பிஸ்கட் தின்றுகொண்டு.
தலைமுடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மூன்று வாரமாய் அவள் ஒருநாளும் நீரில் இறங்கவில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
தினமும் ஐந்து தடவை எண்ணுகிறவள் நான்.
இருபத்தாறு, இருபத்தாறு என்று
எண்ணிக்கை சரியாய் வந்துகொண்டிருந்தது.

"எல்லாருடையதும் திரும்புது," என்றாள்.
"என்னுடையது சிவப்பாய் இருந்தால் எப்படி இருக்கும்னு பார்த்தேன்."

திட்டத்தான் வாய் திறந்தேன்.
பற்கள் தந்தியடித்தன, சொல் எதுவும் வரவில்லை.
அவள் எழுந்து தன் துண்டை என் தோளில் போட்டாள்.
பச்சைக் கோடு போட்டது, மடிப்புக்கூடக் கலையாதது.
அந்த முகாமிலேயே
காய்ந்திருந்த ஒரே துண்டு.

இந்த வருடமும் வருகிறாள்.
பதினேழாம் எண்ணே வேண்டுமாம்.
இறங்குவாயா என்று யாரும் கேட்க வேண்டாம்,
நானும் கேட்கப்போவதில்லை.

மற்றபடி
தொப்பி, தண்ணீர்ப் புட்டி, பெயர் எழுதிய செருப்பு.
துண்டு மட்டும் இரண்டு கொண்டுவாருங்கள்.
ஒன்று நனையாமல் இருக்கட்டும்.