வகை என்னும் கட்டம்

கௌனாஸில் டிசம்பர் மாதம் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
அந்த இருட்டில்தான் செய்தேன்,
கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்.

அவன் பிறந்தநாளுக்கு என்ன தருவதென்று தெரியவில்லை.
கையுறை இருக்கிறது. அதற்கு மாற்றுக் கையுறையும் இருக்கிறது.
மேசைக் கணினியில் அந்த மென்பொருள் திறந்தே கிடந்தது:
காசு கேட்காத, விளம்பரம் காட்டாத,
எந்த ஊரிலோ நாலு பேர்
வேலை முடிந்த இரவுகளில் எழுதிய பாட்டுப்பெட்டி.
உள்ளே ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாடல்கள்.
பாதிக்குப் பாடியவர் பெயர் இல்லை.
ஆண்டு என்ற இடத்தில் பூஜ்யம்.
ஒரே பாட்டு மூன்று பெயரில்,
மூன்றிலும் எழுத்துப்பிழை.

நான் மருந்துக்கடைக்காரி.
பெயர் ஒட்டாத குப்பியைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும்.

மெனுவின் அடியில் இருந்தது:
‘விவரங்களைத் தானாகத் திருத்து.’
அழுத்தினேன்.
நீலப் பட்டை ஊர்ந்தது.
உருளைக்கிழங்கு வெந்தது, தோலுரித்தேன்,
மகள் பல் தேய்க்காமலே தூங்கிப்போனாள்,
பட்டை இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது.
எங்கோ உள்ள பேரேட்டோடு
ஒவ்வொரு பாட்டையும் முகம் பார்த்து ஒத்துப்பார்த்து
பெயர் வைத்தது, ஆண்டு போட்டது,
அட்டைப்படம்கூட ஒட்டியது.
கடைசியில் ஒரே கேள்வி:
‘9,412 மாற்றங்கள். சேமிக்கலாமா?’
இவ்வளவு பணிவாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.
சேமி என்றேன்.

ரிம்விதாஸ் டிராலிபஸ் ஓட்டுகிறவன்.
பிறந்தநாள் முடிந்து நாற்பது நிமிடம் கழித்து வந்தான்,
தொப்பியில் பனி.
திரையைப் பார்த்தான். கீழே இறக்கினான். மேலே ஏற்றினான்.
‘வகை எங்கே?’

இதோ இருக்கிறதே: ராக். ஜாஸ். நாட்டுப்புறம். ராக்.

‘என் வகை.’

அந்தக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாமாம்;
மென்பொருள் ஏன் என்று கேட்காதாம்.
ஏழு வருடமாக எழுதியிருக்கிறான்:

கம்பி கழன்று நடுப்பாலத்தில் நின்ற மாலை
டிக்கெட் எடுக்காத பாதிரியார்
பாத்திரம் கழுவ
பாத்திரம் கழுவாமல் இருக்க
முதல் பனிக்கு முந்தைய வாரம்
சண்டைக்குப் பின், அவள் பேசும்வரை

அவள் யார் என்று நான் கேட்கவில்லை.
அதில் எத்தனை பாட்டு என்று கேட்டேன்.
‘நூற்றெண்பது.’
கொஞ்சம் யோசித்து, ‘கொஞ்சம் அதிகம்தான்.’

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டேன்.
பின்வாங்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில்
செத்துக் கிடந்தது.
தொண்டை தாண்டிய மாத்திரையை
எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

ஆனால் வலது ஓரத்தில் இரண்டு பத்திகளை
என் திருத்தம் தொடவில்லை:
எத்தனை முறை கேட்டது. கடைசியாகக் கேட்டது எப்போது.
அவன் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.
பிப்ரவரி மூன்று, இரவு ஒன்று நாற்பது:
‘இது பாலம்.’ தட்டச்சு செய்தான்.
ஞாயிறு காலை ஏழு மணி, நாலு முறை:
‘இது பாதிரியார்.’
இப்படிப் பதினெட்டு பாட்டு. விரல் விறைத்திருந்தது.

பத்தொன்பதாவது,
மார்ச் பத்தொன்பது. பதினொரு முறை.
அவன் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினான்.
எனக்குத் தெரியும்.
பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்தபடி
பதினொன்றையும் எண்ணியவள் நான்;
பன்னிரண்டாவது தொடங்கினால் எழுந்து போவதென்று
வைராக்கியத்தோடு காத்திருந்தேன்.
தொடங்கவில்லை.

விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.
சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டேன்
என்று அடித்தேன்.
கட்டம் சின்னது. ‘சுவருக்கு இந்தப்’ வரை தெரிந்தது,
அப்புறம் மூன்று புள்ளி.

அவன் பத்தியின் விளிம்பைப் பிடித்து
மெல்ல அகலப்படுத்தினான்.
ஆண்டும் அட்டைப்படமும் திரையைவிட்டு வெளியே நகர்ந்தன.

உருளைக்கிழங்கு ஆறியிருந்தது.
அப்படியே சாப்பிட்டோம்,
உப்பைத் தேடிக்கொண்டு.