நாய் வாசனை

புதன் மதியம் இரண்டரைக்கு
கல்மண்டபம் சிக்னல் தாண்டி வருகிறது டபரா,
ஆட்டோவில், துவைத்த போர்வை மேல் உட்கார்ந்து.
இறங்கியபின் தெருவில் கால் படக்கூடாது. என் விதி.
பதினெட்டு கிலோ நாட்டு நாயைத்
தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறுகிறார்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெனடிக்ட்.
லிஃப்ட் இன்றைக்கும் பழுது.

வார்டு வாசலில் நிற்கிறேன், ஃபைலோடு.
நகம் வெட்டியாச்சா.
நேற்று ராத்திரி குளிப்பாட்டியாச்சா, எந்த மருந்தில்.
வயிறு சரியாயிருக்கா. பச்சைக் கறி ஏதும்?
"மீன் தலைகூட வேகவெச்சுத்தான் சிஸ்டர்."
காசிமேட்டில் பிறந்த நாய்
வெந்த மீனை எத்தனை நாள் முறைத்ததோ.

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கை சிஸ்டர்.
கை காட்டு, கை காட்டு என்று அலைவதால்.
முதலில் கை, பிறகு நாய், மறுபடியும் கை.
கட்டிலுக்கு ஒரு விரிப்பு.
முகத்தை நக்க விடாதே.
ஊசி குத்திய கை போர்வைக்குள்ளே இருக்கட்டும்.
ஒரு கட்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
டபராவை ஈரத்துணியால் துடைக்கிறேன்,
தலையிலிருந்து வால்வரை, முடி போகும் போக்கில்.
அதுவும் நிற்கிறது,
ரேஷன் வரிசையில் நிற்கும் ஆள் மாதிரி.

நாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்று
மீட்டிங்கில் பயந்தார்கள்.
என் பயம் வேறு.
ஒன்பதாம் கட்டில் தடவிய இடத்தையே
பத்தாம் கட்டிலும் தடவும்.
திருவொற்றியூர் பஸ்ஸில் எல்லோரும் பிடிக்கும் கம்பிக்கு
வால் முளைத்து, அன்பும் முளைத்தால்?

ஒருதரம் பஞ்சில் தொட்டெடுத்துப் பத்துத் தட்டில் வளர்த்தோம்.
நாலு பாதம். முதுகு, வந்தபோதும் போனபோதும்.
கழுத்துப்பட்டை. பெனடிக்டின் கை.
ரவுண்ட்ஸ் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்.
பத்தாவது, சும்மா, என் பேனா.
இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து இளங்கோதை பேசினாள்.
நாய் பரவாயில்லக்கா.
அப்புறம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
பேனாவத் தூக்கிப் போட்ருங்கக்கா.

இதை யாரிடமும் சொல்லவில்லை.
இல்லை, சொன்னேன்,
ஒரு வாரம் கழித்து.

கண்ணாடி அறையில் ருக்சானா.
வெள்ளையணு இறங்கிவிட்டது, இந்த வாரம் கிடையாது.
இல்லை என்று சொன்னது நான்தான், டாக்டரில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டபரா உட்காருகிறது.
அவள் பார்க்கவே இல்லை,
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.
ஏழு வயதுக் கோபம்.
பிசகில்லாத கோபம்.

கடைசிக் கட்டில் தேசிங்கு.
தொடை எலும்பில் சீழ். ஆறு வாரமாய்ச் சொட்டும் மருந்து.
ஐஸ் ஃபேக்டரிச் சந்தில் அவனுக்கு நாலு நாய்,
ஒன்றுக்கும் பெயர் கிடையாது, விசில்தான்.
முகம் வேணாம் என்று நான் சொல்லிமுடிப்பதற்குள்
டபராவின் கழுத்தில் மூக்கைப் புதைத்தான்.
மெல்ல எடுத்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது,
நாய் வாசனையே வர்ல.
உன் வாசனைதான் வருது."

பெனடிக்ட் சிரித்தார்.
நான் கட்டில் கம்பியைத் துடைத்தேன், துடைத்த கம்பியை.
"இதயும் அட்மிட் பண்ணிட்டீங்களா?" என்றான்.
"புதன்கிழமை மட்டும்" என்றேன்.
யோசித்துவிட்டு, பாவம் என்பதுபோல்
அதன் காதைச் சொறிந்துகொடுத்தான்,
சரியான இடத்தில்.
டபராவின் பின்னங்கால் தானாகவே உதறியது.
அதைத் தடுக்க என் ஃபைலில் விதி எதுவும் இல்லை.

ஆறரைக்கு பஸ் ஸ்டாப்.
கன்டெய்னர் லாரிகள் நகராமல் புகைவிடுகின்றன.
நடைபாதையிலிருந்து ஒரு செவலை எழுந்து வந்து
என் விரல்களை ஒவ்வொன்றாய் முகர்ந்தது,
தும்மியது,
போய் முன்பு படுத்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போனதும் கழுவினேன்,
முழங்கை வரைக்கும்.