இங்கே அமுக்கு

கிளாக்ஸ்விக் துறையில் ஜனவரி.
நான்கு மணிக்குள் வெளிச்சம் மூட்டை கட்டிவிட்டது.
ஹானுஸின் படகில், சுக்கான் அறையில்,
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்
மடியில் நோட்டுடன்.

வேலை இவ்வளவுதான்:
அவர் என் திரையில் இன்றைய மீனைப் பதிய வேண்டும்.
நான் வாயைத் திறக்கக் கூடாது.

கோபன்ஹேகனில், மூன்றாம் மாடியில்,
ஓட்ஸ் பால் காபியோடு வரைந்த திரை அது.
வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து,
சுற்றிலும் தாராளமாக வெற்றிடம்.
"மூச்சு விடுகிறது" என்றாள் சிக்னே.
எல்லோரும் தலையாட்டினோம்.

இங்கே துறைமேடை விளக்கு கண்ணாடியில் அடிக்கிறது.
சாம்பல் எழுத்து சாம்பலாகவே போயிற்று.
ஹானுஸ் கண்ணைச் சுருக்கி
உள்ளங்கையால் திரைக்குக் குடை பிடித்து
பனிமூட்டத்தில் ஆட்டைத் தேடுகிறவர் போல
அந்த வெற்றிடம் முழுக்க அலைகிறார்.

கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கிறார்.
ஆள்காட்டி விரல் பாதியில் நிற்கிறது;
மீதியை எந்தக் கப்பியோ என்றோ வாங்கிக்கொண்டது.
நான் வரைந்த பொத்தானோ
முழு விரலின் நுனிக்கே போதாது.

எண்ணூறு கிலோ காட் மீன்.
ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக விழுகிறது.
எட்டாயிரம்.
இந்தப் படகு எட்டாயிரத்தைத் தாங்காது,
வாளி மேல் உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரிகிறது.
திரைக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

அழிக்கப் பார்க்கிறார்.
"ரத்தை உறுதிசெய்யவா?" என்கிறது திரை.
கீழே இரண்டு பொத்தான்கள்:
ரத்து. சரி.
எதை அழுத்தினால் எது ரத்தாகும்?
எழுதியவள் நான். எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை.

என் பக்கம் திரும்பினார்.
நாக்கு நுனிவரை வந்ததை
நோட்டில் எழுதினேன். பேனா தாளைக் கிழித்தது.

"நான்தான் மடையன்" என்றார்.
"பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான்."

முப்பத்தொரு வருடம்
கண் தெரியாத மூட்டத்தில், பாறை இடுக்கு வழியே
படகைக் கொண்டுவந்து சேர்த்த மனிதர்
என் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே தரைதட்டி
பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அதற்குத் திட்டியிருக்கலாம்.

பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன்.
வின்ச்சின் நெம்புகோலில் நிறுத்தும் பக்கம்
தடித்த கயிறு சுற்றியிருந்தது,
இருட்டில் தடவினாலும் தெரியும்படி.
வானொலியின் பதினைந்து பொத்தான்களில்
பதின்மூன்றை டேப் ஒட்டி மூடியிருந்தார்.
திரையின் விளிம்பில், பழைய நிரலுக்காக ஒட்டியது,
காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்று.
அதன் மேல் பால்பேனாவில்:
"இங்கே அமுக்கு. பீப் சத்தம் வரும், பொறு."

எங்கள் ஆறு மாதக் கூட்டங்களில்
இதற்கு ஈடான ஒரு வாக்கியம் வரவில்லை.

ஏப்ரலில் திரும்பப் போனேன்.
கருப்பில் மஞ்சள்.
நான்கு விரல் அகலத்தில் பொத்தான்கள்.
"எட்டாயிரமா? நேற்று எழுநூறுதானே?"
என்று கேட்கத் தெரிந்த திரை.
"பதிவை அழி." "இருக்கட்டும்."
அழித்ததை மறுநாள் வரை மீட்கலாம்.
சிக்னேவுக்கு முகம் சுண்டிப்போனது.
"சந்தைக் கடைப் பலகை மாதிரி இருக்கிறது" என்றாள்.
அப்படித்தான் இருக்கிறது.

ஹானுஸ் கையுறையைக் கழற்றவில்லை.
நாற்பது வினாடி. அதில் பாதி
மருமகன் வாங்கிய நொண்டிக் குதிரையின் கதைக்குப் போனது.
திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போதுதான் கவனித்தேன்,
பிளாஸ்திரியை உரித்துவிட்டிருந்தார்.
அது இருந்த இடத்தில் பசை மட்டும்
கருத்த செவ்வகமாக, கம்பளி இழை ஒட்டியபடி.
துடைத்துவிடலாமா என்று சட்டைக்கை நுனியை இழுத்தேன்,
விட்டுவிட்டேன்.

படியில் கால் வைத்த பின் உறைத்தது.
மீன் பட்டியலில் காட் ஏழாவதாக இருக்கிறது,
அகரவரிசை என்ற ஒரே காரணத்துக்காக.
தினமும் அவர் பிடிப்பது அதைத்தான்.
ஆறு பெயர்களைத் தள்ளித் தள்ளித்தான் அதைத் தொட்டார்,
ஜனவரியிலும், இன்றும்.

ஏணியிலேயே நின்று
நோட்டைத் திறந்தேன்.