ஒன்று புள்ளி எட்டு

ஆறு மீட்டர் நீளம், மூன்று அகலம்,
அரைச் சாணுக்கும் குறைவான கனம்.
பெருக்கினால் ஒன்று புள்ளி எட்டு.
தண்ணீர் ரசீதின் முதுகில்
மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
பள்ளியில் கணக்கு வராதவள் என்று பெயரெடுத்தவளுக்கு
மூன்று முறையும் அதே விடை.

முன்பணம் வாங்கிய கான்ட்ராக்டர்
ஃபீனிக்ஸில் இருக்கிறான், போனில் இல்லை.
பணம் போனது போகட்டும்.
அவன் கொட்டிவிட்டுப் போன மணல்
வெஸ்ட்கிளிஃபில் எங்கள் தெருவைப் பாதி மறித்து
ஐந்து வாரமாகக் கிடக்கிறது.
பூனைகள் அதைத் தம் காரியத்துக்கு
எடுத்துக்கொண்டுவிட்டன.

ஆகவே ஞாயிறு.
ஆகவே நான், தங்கை மகன் தவேஷ்,
ஹார்ட்வேர் கடை வாசலில் வேலைக்கு நின்ற பெக்கி,
வாடகை மிக்சர்,
பன்னிரண்டு மூட்டை சிமெண்ட்.

மண்ணை இடித்தோம். பிளாஸ்டிக் விரித்தோம்.
ஓட்டுத் துண்டுகளை முட்டுக் கொடுத்து
கம்பி வலையைத் தரையிலிருந்து தூக்கி வைத்தான் பெக்கி.
படுத்துக் கிடக்கிற கம்பிக்குச் சம்பளம் தண்டம் என்றான்,
அல்லது அவன் ஜூலுவில் சொன்னதை
நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் மூட்டைவரை எல்லாம் கணக்குப்படி.
வடை மாவுப் பதம் வரட்டும் என்றேன்.
தவேஷ் தலையாட்டினான்.
அவன் வடை சுட்டதே இல்லை.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
நான்கு மணிக்குத்தான் போகும் என்றிருந்தது போன்;
இடையில் யாரோ அட்டவணையை மாற்றியிருக்கிறார்கள்.
மிக்சர் நின்றது,
வாய் நிறையக் கலவையோடு,
விழுங்காமல், துப்பாமல்.

கொட்டிய பாதியின் மினுமினுப்பு
வெயிலில் மங்கத் தொடங்கியது.
பலகைமேல் கவிழ்த்து
மண்வாரியால் புரட்டினோம்.
மூன்றாம் புரட்டில் என் வலது தோள்
தன் வயதைச் சொன்னது.

அப்போது மதில்மேலிருந்து
ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று
தலையைத் தொங்கவிட்டு இறங்கியது.

மதிலுக்கு அப்பால் புஷ்பநாதன்.
பிளான் இல்லாமல் கராஜ் கட்டுகிறாள் என்று
முனிசிபாலிட்டிக்கு எழுதியவர். இரண்டு முறை.
கூரையில் சோலார் வைத்திருக்கிறார்.
அவர் தலை தெரியவில்லை.
செருப்புச் சத்தம் மட்டும் உள்ளே போய்
கதவைச் சாத்திக்கொண்டது.

தவேஷ் என்னைப் பார்த்தான்.
நான் ஒயரைப் பார்த்தேன்.
ரோஷத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்,
சிமெண்டுக்கு நாளை கிடையாது.
செருகுடா என்றேன்.

பிறகு பெக்கியும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து
மட்டப்பலகையை ரம்பம்போல் இழுத்தபடி
பின்னாலேயே நடந்து வந்தோம்.
கதவருகே வந்தபோது
இரண்டு தள்ளுவண்டி குறைந்தது.
எங்கோ ஒரு பள்ளத்தை
என் பெருக்கலுக்குக் காட்டாமல்
வைத்திருந்திருக்கிறது மண்.
அந்த மூலையில் இருப்பது
உடைந்த செங்கல், பழைய வாஷ்பேசினில் பாதி,
மேலே கொஞ்சம் கான்கிரீட்.
மணியாசுக் கட்டையால் தேய்த்துத் தேய்த்து
எனக்கே தெரியாதபடி மூடினேன்.

கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றி
மூவரும் நின்றுகொண்டே தின்றோம்.
உட்கார்ந்தால் எழமாட்டோம் என்று தெரிந்தது.
குரங்குகள் தடம் பதிக்காமலிருக்க
இருட்டும்வரை வாசலில் நாற்காலி போட்டுக் காவல்.
படுக்கப் போகுமுன் ஓரத்தில் உள்ளங்கை வைத்தேன்.
சுட்டது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி அளவுக்கு.

ஏழு நாள், ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும்,
சாக்கு நனைத்தேன்.
ஒயரைச் சுருட்டி மதில்மேல் வைத்தேன்.
காலையில் அது இல்லை.
நன்றி சொல்ல இரண்டு முறை வாய் திறந்தேன்;
இரண்டு முறையும் அவர்
கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

தரையின் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது,
ஏழாம் மூட்டைக்கும் எட்டாம் மூட்டைக்கும் நடுவே.
காரைக் கழுவிய நாளில்
மற்ற இடமெல்லாம் உலர்ந்த பிறகும்
அது மட்டும் கறுப்பாய் நிற்கும்.

போன வாரம் மூன்றாவது கடிதம்.
என் கராஜ் கூரைத் தண்ணீர்
அவர் முற்றத்தில் விழுகிறதாம்.
ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்.
விழத்தான் செய்கிறது.

தகரப் பீலி வாங்க வேண்டும்.
நீளம் ஆறு மீட்டர்.
ஏழாக வாங்குவேன்.